எழுத்துக்கு மோதிரம்: அம்மம்மாவின் பவுணை அழிக்கலாமா?

கோண்டாவில் தங்கச்சி
தையில் எழுத்து (கலியாணப் பதிவு), வைகாசியில் கலியாணம். எழுத்தன்று மோதிரம் மாற்றுகிறோம். நான் தாதி, நாள் முழுக்கக் கையுறை போடுகிற கை. கல் இல்லாத ஒடுக்கமான 18 கரட் மோதிரம் போதும், அவருக்கும் அதே மாதிரி. அம்மம்மா தன்னுடைய ஒரு பவுண் மோதிரத்தைக் கழற்றித் தந்து, "இதை அழிச்சு ரெண்டாச் செய்யுங்கோ" என்கிறா. அம்மா அதைத் தொடவே விடமாட்டா. 22 கரட்டில் கல்லு மோதிரம் கடையில் எடுக்கச் சொல்கிறா. மாப்பிள்ளை வீட்டார் பிளாட்டினம் என்கிறார்கள். நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?

பழைய பவுண்
அம்மா சொல்வதுதான் சரி, பிள்ளை. 18 கரட் என்றால் நாலில் ஒரு பங்கு வேறு உலோகம். 95 ஐப்பசியில் சண்டையால் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது வீட்டையும் வயலையும் யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. கழுத்திலும் கையிலும் கிடந்ததுதான் பிறகு அரிசியானது. அடகுக்குப் போனால் 22க்கு உள்ள மதிப்பு 18க்கு வராது. அதோடு மோதிரம் மாற்றுவது நமக்கு இடையில் வந்த பழக்கம். நமக்குத் தாலிதான் கலியாணம்.

குருநகர் அலை
அண்ணை, "நமக்கு" என்றால் ஆருக்கு? எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் சுவாமி மோதிரத்தை ஆசீர்வதித்துத் தருவார், மாற்றுகிறோம். தாலியும் கட்டுகிறோம், அதில் சிலுவையோ புறாவோ இருக்கும். நாங்களும் யாழ்ப்பாணம்தான்.

பழைய பவுண்
நான் சைவ வீட்டுக் கலியாணத்தைச் சொன்னேன், தம்பி. கேட்ட பிள்ளை கோண்டாவில்.

கொக்குவிலான்
சைவ வீட்டில் மோதிரமே இல்லையா? தாலி கட்டின பிறகு கணையாழி எடுக்கிறோமே. தண்ணீர்க் குடத்தில் மோதிரத்தைப் போட்டு இரண்டு பேரும் கைவிட்டுத் தேட, மச்சாள்மார் சுற்றி நின்று கத்துவது எந்த மணவறையில் இல்லை? தங்கச்சி, எழுத்துக்குச் செய்கிற மோதிரத்தையே வைகாசியில் அந்தக் குடத்தில் போடச் சொல்லுங்கோ. ஐயர் மறுக்கமாட்டார்.

அப்புறம், 95இல் அரிசியானது சங்கிலியும் காப்பும், பழைய பவுண் அண்ணை. ஐந்து கிராம் மோதிரத்தை வைத்து எத்தனை நாள் சமைப்பது? சீதன நகை 22இல் இருக்கட்டும். தினமும் போடுவது வேலைக்குத் தோதாக இருக்கட்டும்.

உரைகல்
அப்பா கன்னாதிட்டியில் நகைவேலை செய்தவர், நானும் பட்டறையில் வளர்ந்தவன். கணக்கைச் சொல்கிறேன்.

ஒரு பவுண் 8 கிராம். சுத்தமான 22 கரட் என்றால் அதில் தங்கம் 7.33 கிராம். அதை 18க்கு இறக்கினால் மொத்தம் 9.78 கிராம் வரும். அதாவது இரண்டு மோதிரம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4.9 கிராம். ஆனால் பழைய மோதிரத்தில் பற்றாசு வைத்து ஒட்டின இடம் இருந்தால் மாற்று (தங்கத்தின் தரம்) குறையும். அப்படியே உருக்கக்கூடாது, முதலில் உரைத்துப் பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். சேதாரமும் போகும். ஆகவே ஒவ்வொன்றும் 4.5 என்று நினைத்துக்கொள்ளுங்கோ, ஒடுக்கமான மோதிரத்துக்கு அது தாராளம்.

ஒடுக்கமாகச் செய்வதென்றால் 18தான் நல்லது. 22 மெத்தென்ற தங்கம், மெல்லிய மோதிரம் சீக்கிரம் நெளியும். வெள்ளைத் தங்கம் கேட்காதேங்கோ. மேலே ரோடியம் பூச்சு, அது தேயத் தேயத் திரும்பப் பூச வேண்டும். கையை அடிக்கடி கழுவுகிறவருக்கு அது ஓயாத செலவு.

பிளாட்டினம் பற்றி: தங்கம் 1064 பாகையில் உருகும், பிளாட்டினத்துக்கு 1768 வேண்டும். இங்கே சாதாரணப் பட்டறையில் அது நடக்காது, செய்ததைத்தான் வாங்கவேணும். அம்மம்மாவின் பவுணில் ஒரு துளிகூட அதில் இருக்காது.

மானிப்பாய் மருமகள்
கணக்குச் சரி. ஆனால் அழித்தால் தங்கம் மிஞ்சும், அம்மம்மாவின் மோதிரம் போய்விடும். அதன் உட்பக்கம் தேய்ந்திருக்குமே, அந்தத் தேய்மானத்தை எந்தப் பத்தரால் திரும்பச் செய்ய முடியும்? என் மாமியின் அட்டியலைப் புது மாதிரி வேண்டுமென்று அழித்தார்கள். இப்போது எங்கள் வீட்டில் இருப்பது ஆருடையதாகவும் இருக்கக்கூடிய ஒரு நெக்லஸ்.

கொக்குவிலான்
அக்கா, பொன்னுருக்கலில் பொன்னை உருக்கித்தானே தாலியே தொடங்குகிறது? உருக்குவது நமக்கு அபசகுனமில்லை.

மானிப்பாய் மருமகள்
அங்கே உருக்குவது அதற்கென்று வைத்த நாணயம், தம்பி. ஒருவர் ஐம்பது வருடம் போட்டிருந்த மோதிரத்தை இல்லை.

குருநகர் அலை
போட்டிருந்தவவே அழிக்கச் சொல்கிறாவே. நாங்கள் என்ன, அம்மம்மாவுக்கு எதிராக அம்மம்மாவின் மோதிரத்தைக் காப்பாற்றுகிறோமா?

கோண்டாவில் தங்கச்சி
எல்லாவற்றையும் அவவுக்கு வாசித்துக் காட்டினேன். "நான் செத்தாப் பிறகு அதுக்கு மூண்டு பேர் அடிபடுவியள், இப்பவே அழி" என்கிறா. அம்மா இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவர் தன் வீட்டில் பிளாட்டினத்தை விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டார், அவருடைய அம்மாவுக்குக் கொஞ்சம் மனவருத்தம். உரைகல் அண்ணா, நாங்கள் பக்கத்தில் நின்று பார்க்க, எங்கள் முன்னால் உருக்குவார்களா?

உரைகல்
கேட்டால் உருக்குவார்கள். கொடுக்கும்போது எடையையும் மாற்றையும் துண்டில் எழுதி வாங்குங்கோ. விரல் அளவைக் காலையில் கொடுக்க வேண்டாம். பின்னேரம், வேலை முடிந்து விரல் கொஞ்சம் பருத்திருக்கும்போது கொடுங்கோ. உருக்க முதல், மருமகள் அக்கா சொன்ன அந்தப் பழைய மோதிரத்தை உட்பக்கமும் தெரிய நாலு படம் எடுத்து வையுங்கோ.

பழைய பவுண்
செய், பிள்ளை. ஆனால் கலியாணச் சங்கிலியை மட்டும் 22க்குக் கீழே இறக்கினால் நான் சாப்பாட்டுக்கு வரமாட்டேன்.