சாட்டா எஸ்எஸ்டி இருக்கும்போது என்விஎம்இ வாங்கினால் வேகம் கூடுமா?

தூக்கணாங்குருவி
வணக்கம். என் டெஸ்க்டாப்: 4 கோர் 8 த்ரெட் இன்டெல் ப்ராசஸர், 8 ஜிபி டிடிஆர்4 ராம் (ஒரே ஸ்டிக்), சாட்டா எஸ்எஸ்டி (சாட்டா கேபிள்ல மாட்டுற, சுழலாத சிப் டிஸ்க்). தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. 4கே வீடியோ எடிட் பண்றேன், கூடவே பிரவுசர்ல இருபது முப்பது டேப் திறந்திருக்கும். டைம்லைன் (எடிட்டர்ல கிளிப்பை அடுக்கி ஓட்டிப் பார்க்கிற இடம்) திக்கித் திக்கி ஓடுது. பிரவுசருக்குத் தாவினா சில நொடி உறைஞ்சு நிக்குது. இப்போதைக்கு ஒரு பாகம்தான் வாங்க முடியும். என்விஎம்இ (மதர்போர்டுல நேரா செருகுற, இன்னும் வேகமான எஸ்எஸ்டி) வாங்கலாமா?

வேகப்பிரியன்
கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க. சாட்டா எவ்வளவு முக்கினாலும் நொடிக்கு 550 எம்பி தாண்டாது. மூணாம் தலைமுறை பிசிஐஇ (மதர்போர்டோட வேகமான இணைப்பு) என்விஎம்இ-யே 3500 கிட்ட போகும். ஆறு மடங்கு! வீடியோன்னாலே பெரிய ஃபைல்தானே, இதுல யோசிக்க என்ன இருக்கு?

கல்தச்சன்
நிறைய இருக்கிறது. அந்த 3500, ஒரே பெரிய கோப்பை வரிசையாகப் படிக்கும்போது வருவது. மென்பொருள் திறக்கும்போது நடப்பது வேறு: ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகள், அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஒன்று வந்த பிறகு அடுத்தது. 4 கேபி துண்டுகளை அப்படி ஒவ்வொன்றாகக் கேட்டால் நல்ல சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 30, 40 எம்பி தரும். என்விஎம்இ 50லிருந்து 70. ஆறு மடங்கு எங்கே போனது? ஹார்ட் டிஸ்க்கை விட்டு எஸ்எஸ்டிக்கு வந்தபோது எல்லோரும் ஒரு பாய்ச்சலைப் பார்த்தோம். 7200 சுற்று டிஸ்க்கில் தட்டு சரியான இடத்துக்குச் சுழன்று வரவே சராசரியாக 4 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும், ஹெட் நகர்வது தனிக்கணக்கு. அந்தக் காத்திருப்பு எஸ்எஸ்டியில் போய்விட்டது. போனதை இன்னொரு முறை போக்க முடியாது.

வேகப்பிரியன்
மென்பொருள் திறக்கிறதைப் பத்தி அவர் கேட்கவே இல்லையே. வீடியோவுக்கு வாங்க.

கல்தச்சன்
வருகிறேன். பல கேமராக்களின் 4கே பதிவு 100 எம்பிபிஎஸ். அது மெகாபிட். எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 மெகாபைட். சாட்டாவுக்கு இது தூசு. ஃபைல் வந்து சேராததால் டைம்லைன் திக்கவில்லை, வந்ததைப் பிரிக்க முடியாமல் திக்குகிறது. பல கேமராக்கள் வீடியோவைச் சுருக்கப் பயன்படுத்தும் எச்.265 முறை அவ்வளவு இறுக்கமானது. ஒரு ஃப்ரேமைக் காட்ட முன்னும் பின்னும் உள்ள ஃப்ரேம்களையும் பிரித்தாக வேண்டும்.

ரெட்டைநாடி
ரெண்டு பேரும் ராமை விட்டுட்டீங்க. 8 ஜிபி, அதுவும் ஒத்தை ஸ்டிக்! உள்ளிருக்கும் கிராபிக்ஸும் அதே ராம்லதான் கை வைக்கும். டிடிஆர்4 3200-ல ஒரு சேனலுக்கு (ராமுக்கும் ப்ராசஸருக்கும் நடுவுல உள்ள பாதை) நொடிக்கு 25.6 ஜிபி. ரெண்டாவது ஸ்டிக்கைச் சரியான ஸ்லாட்ல போட்டா 51.2. தனி கார்டு வச்சிருக்கிறவங்களுக்கு இது பெருசா தெரியாது, இவருக்குத் தெரியும்.

வேகப்பிரியன்
ராம் பத்தலைன்னா பேஜ் ஃபைலுக்குத்தானே (ராம்ல இடமில்லாததை டிஸ்க்ல வைக்கிற ஃபைல்) போகும்? அதுவும் டிஸ்க்தான். என்விஎம்இ போட்டா ஒரே கல்லுல ரெண்டு மாங்கா.

ரெட்டைநாடி
ராம் 100 நானோசெகண்டுக்குள்ள பதில் சொல்லும். எப்பேர்ப்பட்ட என்விஎம்இ-யும் பல பத்து மைக்ரோசெகண்ட் எடுக்கும். நூத்துக்கணக்கான மடங்கு வித்தியாசம். மாங்கா ஒண்ணுகூட விழாது அண்ணா.

கல்தச்சன்
எல்லோரும் ஊகத்தில் அடித்துக்கொள்கிறோம். தூக்கணாங்குருவி, வேலை ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். மெமரி பக்கத்தில் 'கமிட்டட்' (எல்லா மென்பொருளும் கேட்டு வாங்கிய மொத்த மெமரி) எண்ணைப் பாருங்கள். சிபியு பக்கத்தில் மொத்தச் சதவீதத்தை நம்ப வேண்டாம்: 8 த்ரெட்டில் ஒன்று மட்டும் முழுமூச்சாக ஓடினாலும் மொத்தம் 12, 13 என்றுதான் காட்டும், ப்ராசஸர் சும்மா இருப்பதாகத் தோன்றும். வரைபடத்தில் ரைட் கிளிக் செய்து த்ரெட் வாரியாக மாற்றிக்கொள்ளுங்கள். ஜிபியு பக்கத்தில் 'வீடியோ டிகோட்' (சுருக்கிய வீடியோவைப் பிரிக்கும் தனிப் பகுதியின் சுமை) எவ்வளவு என்றும் சொல்லுங்கள்.

தூக்கணாங்குருவி
பார்த்தேன். எல்லாம் திறந்திருக்கும்போது 7.9-ல 7.5 ஜிபி போயிடுது, கமிட்டட் 14 ஜிபி. டேப் மாத்தும்போது டிஸ்க் 100 தொடுது. பிரவுசரை மூடிட்டு டைம்லைன் மட்டும் ஓட்டினா டிஸ்க் 3 சதவீதம், எட்டு த்ரெட்டும் 90க்கு மேல. வீடியோ டிகோட் 0.

பழையபஞ்சாங்கம்
கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967லேயே கணக்குப் போட்டுக் கொடுத்துட்டார். மொத்த நேரத்துல 10 சதவீதம் எடுக்கிற பகுதியை நேரமே ஆகாதபடி மாத்தினாலும் லாபம் 11 சதவீதம்தான். இங்க டிஸ்க் 3. மீதியை நீங்களே வகுத்துக்கோங்க.

கல்தச்சன்
ஆக இரண்டு தனிக் கோளாறுகள். உறைவது ராம் போதாமல். திக்குவது வேறு: டிகோட் 0 என்றால் சிப்பில் இருக்கும் டிகோடர் வேலையே செய்யவில்லை, சுமை முழுக்க ப்ராசஸர் தலையில். எடிட்டரில் ஹார்ட்வேர் டிகோடிங் அணைந்திருக்கலாம். அல்லது கேமரா 10 பிட் 4:2:2-இல் (நிறத் தகவலைக் கூடுதலாக வைக்கும் முறை, 4:2:0 குறைவாக வைப்பது) எழுதலாம். இன்டெல் டெஸ்க்டாப் சிப்களில் 11ஆம் தலைமுறையிலிருந்துதான் எச்.265 4:2:2-க்கு டிகோடர் உண்டு.

தூக்கணாங்குருவி
செட்டிங் ஆன்லதான் இருக்கு. ப்ராசஸர் 10ஆம் தலைமுறை. கேமரா 4:2:2-தான், 4:2:0-க்கு மாத்த வழி இருக்கு.

கல்தச்சன்
இனி எடுப்பதை 4:2:0-வில் எடுங்கள். ஏற்கெனவே எடுத்ததற்கு ப்ராக்ஸி (எடிட் செய்ய மட்டும் ஒரு லேசான நகல்) போடுங்கள். காசு செலவில்லை.

வேகப்பிரியன்
ப்ராக்ஸியில எனக்கு இஷ்டமில்லை. மொத்தத்தையும் ப்ரோரெஸ்ஸா (கொஞ்சமா மட்டும் சுருக்கின, பிரிக்கச் சுலபமான வீடியோ ஃபார்மட்) மாத்தி எடிட் பண்றவங்க நிறைய பேர். ப்ரோரெஸ் 422 எச்க்யூ, 4கே, 30 ஃப்ரேம்: நொடிக்கு சுமார் 110 எம்பி. நாலு கேமரா சேர்த்து ஓட்டினா 440. சாட்டா நாக்கு தள்ளிடும். டிஸ்க்கை இப்படி ஓரங்கட்டாதீங்க.

கல்தச்சன்
நான்கு கேமரா என்றால் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன். இவர் சொல்லட்டும்.

தூக்கணாங்குருவி
ஒரே கேமராதாங்க. ராமே வாங்கிடறேன். இன்னொரு 8 ஜிபி போதுமா?

ரெட்டைநாடி
கமிட்டட் 14 காட்டுறப்போ 16-ல நெருக்கடியாத்தான் இருக்கும். முடிஞ்சா 16 ஸ்டிக் ரெண்டு, ஜோடியா வாங்குங்க. முடியாட்டி இப்போ இருக்கிற அதே வேகத்துல இன்னொரு 8. வேகம் வேறயா இருந்தா ரெண்டும் மெதுவானதுக்கு ஏத்த மாதிரிதான் ஓடும். போட்டப்புறம் பயாஸ்ல (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கிற செட்டிங்) எக்ஸ்எம்பி (ராமை அதோட முழு வேகத்துல ஓட்டுற வசதி) ஆன் பண்ணுங்க. பண்ணாம வருஷக்கணக்கா 2133-ல ஓட்டிக்கிட்டு இருக்கிறவங்க உண்டு.

வேகப்பிரியன்
சரி, ராம். எம்.2 ஸ்லாட் (மதர்போர்டுல என்விஎம்இ செருகுற இடம்) காலியா இருக்கில்ல? அடுத்த தடவை அதுதான்.

பழையபஞ்சாங்கம்
மதர்போர்டு மேனுவலைப் பார்த்துட்டு வாங்கச் சொல்லுங்க. சில எம்.2 ஸ்லாட் சாட்டா மட்டும்தான் எடுக்கும், என்விஎம்இ செருகினா கண்டுக்கவே கண்டுக்காது.