போரிலிருந்து திரும்பிய அண்ணனைப் பேசவைப்பதா, விட்டுவிடுவதா?

கேள்வி:
போர்முனையில் 14 மாதங்கள் இருந்த என் அண்ணன், உடலில் பெரிய காயம் ஏதுமின்றி வீடு திரும்பி 7 மாதங்கள் ஆகின்றன. எங்கே அமர்ந்தாலும் கதவைப் பார்த்தபடியே அமர்கிறார். இரவில் தாழ்ப்பாளை மூன்று முறை இழுத்துப் பார்த்த பின்பும் உறங்காமல் சுவரில் சாய்ந்திருக்கிறார். சென்ற வாரம், கண்ணயர்ந்திருந்தவரின் தோளை என் மகள் தொட்டதும், விழித்த வேகத்தில் அவளுடைய மணிக்கட்டை முறுக்கிவிட்டார்; பிறகு வெகுநேரம் தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மனத்தில் இருப்பதையெல்லாம் கொட்டவைத்தால் பாரம் குறையும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். கிளறாமல் விட்டால் தானாக ஆறிவிடும் என்கிறார் அப்பா. எதைச் செய்வது?

முதல் பதில்:
மனநலத் துறையில் பணிபுரிபவன் என்ற முறையில் எழுதுகிறேன். கதவைப் பார்த்து அமர்வது போர்முனையில் அவர் உயிரைக் காத்த பழக்கம். ஆபத்து நீங்கிய பின்பும் உடல் அதை நம்ப மறுப்பதுதான் நோய். முதல் உலகப் போர்க்காலத்தில் இதை ‘ஷெல் ஷாக்’ என்று அழைத்து, குண்டுவெடிப்பின் அதிர்வு மூளையைத் தாக்குவதால் வருவது என்று முதலில் கருதினார்கள். ஆனால் குண்டு விழுந்த இடத்துக்கு அருகில் இல்லாதவர்களிடமும் அதே நடுக்கமும் கொடுங்கனவும் காணப்பட்டன. அப்போரில் ஓடிப்போனவர்கள், கோழைகள் என்றெல்லாம் குற்றஞ்சாட்டிச் சுட்டுக்கொல்லப்பட்ட பிரித்தானிய, காமன்வெல்த் படையினர் 306 பேருக்கு 2006ஆம் ஆண்டில்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு) என்ற பெயரில் இது அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் மனநோய்க் கையேட்டில் ஏறியதே 1980இல்தான்.

பேசத்தான் வேண்டும், ஆனால் உறவினர்கள் சூழ்ந்திருக்க அல்ல. பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு நினைவைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளும் சிகிச்சைக்குப் பெரும்பாலும் 8 முதல் 15 அமர்வுகள் தேவைப்படும். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறை பயன் தராததோடு சிலருக்குத் தீங்கும் செய்ததால், இன்று பரிந்துரைக்கப்படுவதில்லை. தானாக ஆறுவது என்பது முதல் சில வாரங்களில் பலருக்கும் நடப்பதுதான். 7 மாதங்களுக்குப் பிறகும் அதையே எதிர்பார்த்திருக்க வேண்டாம்.

இரண்டாம் பதில்:
நானும் படையிலிருந்து திரும்பியவன். உறங்கும்போது அவரைத் தொடாதீர்கள். கை எட்டாத தொலைவில் நின்று அழையுங்கள். முதல் பதில் அச்சத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. எனக்கு அச்சம் தணிந்த பின்பும் தணியாதது வேறொன்று: எனக்குரிய காவல் முறைக்கு நண்பன் போனான், திரும்பவில்லை. இத்தகைய குற்றவுணர்வு தரும் மனக்காயத்தை உளமருத்துவர்கள் ‘அறக்காயம்’ என்று தனியாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். ‘உன்மேல் தவறில்லை’ என்று ஆறுதல் சொன்னவர்களிடம் எனக்கு மேற்கொண்டு பேசவே தோன்றவில்லை. குறுக்கிடாமல் கேட்ட ஒருவரிடம்தான், இரண்டு ஆண்டுகள் கழித்து, அவன் பெயரைச் சொன்னேன்.

மூன்றாம் பதில்:
உறக்கத்துக்காக மது அருந்துகிறாரா என்று கவனியுங்கள். அது பின்னிரவு உறக்கத்தைக் கெடுக்கும். வீட்டில் துப்பாக்கி இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். உயிரை விடுவது பற்றிப் பேசினால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அவர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் அச்சம் என்றே எண்ணியிருந்தேன். இன்று காலை அறை வாசலில் நின்றபடி “அண்ணா” என்று அழைத்தேன். கண் விழித்தவர், குழந்தைக்குக் கை இன்னும் வலிக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்.