பவானி ஜமக்காளம்: விருப்பக்குறிகள் குவிகின்றன, வாங்குபவர்களை எங்கே தேடுவது?

கேள்வி: பவானித் தறிவீடு

அன்பர்களுக்கு வணக்கம். ஈரோடு மாவட்டம் பவானியில் எங்கள் குடும்பம் தலைமுறைகளாகக் கைத்தறி ஜமக்காளம் நெய்து வருகிறது. அப்பா காலத்தில் மொத்த வியாபாரிகளே வீடு தேடி வந்து சரக்கை எடுத்துச் செல்வார்கள். அந்தக் கொள்முதல் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டதால், பயன்படுத்துபவர்களுக்கே நேரடியாக விற்கலாம் என்று இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கினோம். குழித்தறியில் நெய்யும் காணொளிகளை வெளியிடுகிறோம்; நன்றாக அமைந்த பதிவுகளுக்குப் பணம் கட்டி, இன்னும் பலருக்குக் காட்டும்படி 'பூஸ்ட்' செய்கிறோம். அதில் கேட்கப்படும் இலக்குகளில் 'சுயவிவரப் பார்வைகள்' என்பதையும், தமிழ்நாடு முழுவதையும், 18 முதல் 65 வரையிலான வயதையும், கைத்தறி, வீட்டு அலங்காரம் ஆகிய ஆர்வங்களையும் தேர்ந்தெடுக்கிறோம்.

பார்வைகளுக்குக் குறைவில்லை. 'அருமை', 'பாரம்பரியத்தைக் காக்க வேண்டும்' என்று பின்னூட்டங்களும் நிறையவே வருகின்றன. ஆனால் விலை கேட்பவர்களுக்கு விலையைச் சொன்னவுடன் பேச்சு நின்றுவிடுகிறது. உண்மையில் வாங்குபவர்களில் பெரும்பாலோர் தெரிந்தவர்கள் சொல்லி வந்தவர்களாகவே இருக்கிறார்கள். விளம்பரத்துக்கு மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் ஒதுக்க இயலாத நிலையில், எங்களுக்கு உரிய வாடிக்கையாளர்கள் யார், அவர்களை எங்கே கண்டுபிடிப்பது, அவர்களிடம் எதைச் சொல்லிப் பேசுவது என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: கோவை விளம்பரன்

வணக்கம் ஐயா. நீங்கள் கேட்டதைத்தான் அந்தத் தளம் உங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுயவிவரப் பார்வைகள் வேண்டும் என்று குறிப்பிட்டால், யாரெல்லாம் பதிவுகளைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக்குள் எட்டிப்பார்க்கும் பழக்கம் உடையவர்களோ அவர்களைத் தேடிப் பிடித்துக் காட்டுவதுதான் அதன் வேலை. தறியோசை கேட்கும் காணொளியை ரசிப்பவர்கள் வேறு. வரும் வைகாசியில் மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு ஜமக்காளத்துக்கு அலைபவர்கள் வேறு. அதே 'பூஸ்ட்' பொத்தானில் 'செய்திகள்' என்ற இலக்கும் இருக்கிறது. வாட்ஸ்ஆப் உரையாடலுக்கு நேரே கொண்டுசெல்லும் விளம்பரங்களும் உள்ளன. இலக்கை அப்படி மாற்றினால் விருப்பக்குறிகள் சரியும், அதைக் கண்டு கலங்க வேண்டாம்.

இலக்கை மாற்றுவது எளிய வேலை. யாரிடம் விற்பது என்பதுதான் பெரிய வேலை, அதற்கான விடை இன்ஸ்டாகிராமில் இல்லை. உங்கள் ஆர்டர் நோட்டில் இருக்கிறது. '18 முதல் 65 வயது, தமிழ்நாடு' என்பது ஒரு வாடிக்கையாளர் அல்ல, கிட்டத்தட்ட வாக்காளர் பட்டியல். கடந்த ஓராண்டில் உங்களிடம் வாங்கியவர்களை வரிசையாக அழைத்துப் பேசுங்கள். எந்தக் காரியத்துக்காக வாங்கினார்கள், வீட்டில் யார் முடிவெடுத்தார்கள், உங்களிடம் வாங்காமல் இருந்திருந்தால் அந்தப் பணத்துக்கு வேறு எதை வாங்கியிருப்பார்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் உங்களுக்கு உண்மையான போட்டி யார் என்பது அதில்தான் தெரியும். 'கோரைப்பாய் வாங்கியிருப்பேன்' என்பவரிடமும் 'பிளாஸ்டிக் நாற்காலிகளை வாடகைக்கு எடுத்திருப்பேன்' என்பவரிடமும் ஒரே வாசகத்தைச் சொல்லி விற்க முடியாது.

ஜமக்காளத்தின் தேவை சீராக ஆண்டு முழுவதும் இருப்பதில்லை. காரியத்தை ஒட்டித்தான் வருகிறது. நிச்சயதார்த்தம், வளைகாப்பு, காதுகுத்து, புதுமனைப் புகுவிழா, நவராத்திரிக் கொலு, கோயில் அன்னதானம் என்று ஏதேனும் ஒன்று நெருங்கும்போதுதான் ஒரு வீட்டில் 'தரையில் விரிக்க என்ன இருக்கிறது?' என்ற கேள்வி எழுகிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ஆகவே ஆண்டுக்கான விளம்பரப் பணத்தைப் பன்னிரண்டு மாதங்களுக்கும் சமமாகப் பிரிப்பதில் பொருளில்லை. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு ஆறேழு வாரங்கள் முன்பாகவும், கொலுவுக்கு ஒரு மாதம் முன்பாகவும் செலவைக் கூட்டுங்கள். மற்ற மாதங்களில் பதிவுகள் மட்டும் போட்டால் போதும்.

நம் ஊர் உதாரணம் ஒன்று. 1983-இல் கடலூரில் சி.கே. ரங்கநாதன் சிக் ஷாம்புவைத் தொடங்கியபோது, பாட்டில் வாங்க வசதியில்லாத கிராமத்து மக்களே தம் சந்தை என்று தெளிவாக இருந்தார். கிராமங்களுக்கு ஆட்களை அனுப்பி, சிறுவர்களின் தலையில் தேய்த்துக் குளிப்பாட்டிக் காட்டினார்கள். காலி சாஷேக்களை, அதாவது ஒருமுறைக்கான சிறு உறைகளை, கொடுத்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்று முதலில் எந்த நிறுவனத்தின் உறையையும் ஏற்றுக்கொண்டு, பிறகு சிக் உறைகளை மட்டும் ஏற்றார்கள். முதல் கட்டத்தில், ஏற்கெனவே ஷாம்பு பயன்படுத்துபவர் எவர் என்பது தானாகவே தெரிந்தது. இரண்டாம் கட்டத்தில், அவரே தேடிப்போய் சிக் வாங்க வேண்டியதாயிற்று. ஆளைக் கண்டுபிடிப்பதும் ஆளைப் பிடித்துவைப்பதும் ஒரே திட்டத்துக்குள் அடங்கியிருந்ததால்தான் அதை இன்றும் பேசுகிறோம்.

மறுமொழி: மயிலாப்பூர்க் கைத்தறிக் கடை

மேலே உள்ள அன்பர் சொன்னவற்றோடு உடன்படுகிறேன்; ஆனால் விலை சொன்னதும் பேச்சு நிற்பதற்கு ஆள் தவறு என்பது மட்டும் காரணமன்று. கேட்பவருடைய மனத்தில் ஏற்கெனவே ஒரு விலை இருக்கிறது, அது விசைத்தறியின் விலை. சோலாப்பூரில் இருந்து வரும் விசைத்தறி விரிப்புகள் 'பவானி ஜமக்காளம்' என்ற பெயரிலேயே கடைகளில் தொங்குகின்றன. அதைப் பார்த்துவிட்டு வருபவருக்கு உங்கள் விலை அநியாயமாகத்தான் தோன்றும்.

பவானி ஜமக்காளத்துக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட பொருள்கள் பற்றிய 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலிலும் ஜமக்காளம் இருக்கிறது. இவை எதுவும் வாடிக்கையாளருக்குத் தெரியாது, நாமும் சொல்வதில்லை. பாரம்பரியம் அழிகிறது என்று புலம்பும் பதிவுகளைக் குறைத்துக்கொண்டு, உங்கள் ஜமக்காளத்தையும் சந்தையில் கிடைக்கும் விசைத்தறி விரிப்பையும் அருகருகே தராசில் வைத்து எடை காட்டுங்கள். இரண்டையும் பலமுறை துவைத்து, வெயிலில் உலர்த்தி, சாயமும் ஓரமும் எப்படி இருக்கின்றன என்று ஒரே காணொளியில் காட்டுங்கள். இரக்கப்பட்டு வாங்குபவர் ஒருமுறைதான் வாங்குவார்.

இன்னொன்று: 'விலை அறிய உள்பெட்டிக்கு வரவும்' என்று எழுதும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அளவு, எடை, விலை மூன்றையும் பதிவிலேயே எழுதினால், விலை கட்டுப்படியாகாதவர் அங்கேயே விலகிவிடுவார். செய்தி அனுப்புகிறவர் விலையை ஒப்புக்கொண்டவராக வருவார். கைபேசியோடு பாதி நாளைக் கழிக்கும் உங்கள் வீட்டாருக்கும் அது விடுதலை.

மறுமொழி: பவானித் தறிவீடு

இருவருக்கும் மிக்க நன்றி. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு பழைய வாடிக்கையாளர்கள் பலரிடம் பேசினேன். நாங்கள் நினைத்திருந்ததற்கும் அவர்கள் சொன்னதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது. வீட்டு அலங்காரத்துக்காக வாங்கியவர்கள் என்று யாரும் இல்லை என்றே சொல்லலாம். கல்யாண வீட்டார், கோயில் நிர்வாகத்தினர், வாடகைப் பாத்திரக் கடைக்காரர்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் சொல்லி வாங்கிய பெற்றோர் என்று நான்கு வகையாகப் பிரிகிறார்கள். கோபிச்செட்டிபாளையத்தில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், 'பந்தி ஜமக்காளம் நாலு வருசம் தாங்கினால் போதும் தம்பி, சாம்பார் கொட்டின கறை போகுமா, அதை முதலில் சொல்லு' என்றார். வண்ணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நாங்களோ இதுவரை போட்ட பதிவுகளில் வண்ணத்தைத் தவிர வேறெதையும் பேசியதில்லை.

இந்த நான்கில் எதை முதலில் எடுப்பது என்பதில்தான் இப்போது குழப்பம். வெளிநாட்டில் இருப்பவர்கள் விலையைப் பற்றி அதிகம் பேரம் பேசுவதில்லை. ஆனால் ஜமக்காளத்தின் எடைக்கு விமான அஞ்சல் கட்டணம் பொருளின் விலையையே எட்டிப் பிடித்துவிடுகிறது.

மறுமொழி: சிங்கைவாசி

வெளிநாட்டில் இருந்து வாங்கும் தரப்பிலிருந்து எழுதுகிறேன். எங்களில் பலர் இத்தகைய பொருளை அஞ்சலில் வரவழைப்பதில்லை. பள்ளி விடுமுறைக்கு, குறிப்பாக ஜூனிலும் டிசம்பரிலும், ஊருக்கு வரும்போது வாங்கிப் பெட்டியில் வைத்து எடுத்து வருகிறோம். அல்லது நவராத்திரிக்கு முன்பாக ஊரிலிருந்து வரும் மாமியாரோ சித்தியோ கொண்டுவருகிறார்கள். ஆகவே நீங்கள் சிங்கப்பூருக்கு அனுப்பும் வழியைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. விளம்பரத்தை இங்கே காட்டுங்கள்; பணத்தை இங்கிருந்து பெறுங்கள்; சரக்கைத் திருச்சியிலோ மதுரையிலோ இருக்கும் பெற்றோர் வீட்டுக்கு, நாங்கள் ஊர் வந்து சேர்வதற்கு முன் அனுப்பிவையுங்கள்.

எங்களுக்கு வேண்டிய விவரங்கள் வேறு என்பதையும் கவனியுங்கள். அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் எட்டுக்குப் பத்து அடி விரிப்பு பொருந்தாது. அளவைச் சென்டிமீட்டரிலும் எழுதுங்கள். மடித்தால் எவ்வளவு இடம் பிடிக்கும், எத்தனை கிலோ, வீட்டுத் துவைப்பு இயந்திரத்தில் போடலாமா என்பனவற்றைத் தெரிந்துகொள்ளாமல் பெட்டியில் இடம் ஒதுக்க முடியாது. மடித்த ஜமக்காளத்தை ஒரு நடுத்தரப் பயணப்பெட்டிக்குள் வைத்துக் காட்டும் ஒரு படம், எனக்கு உங்கள் தறிக் காணொளிகள் அனைத்தையும்விடப் பயன்படும்.

மறுமொழி: கோவை விளம்பரன்

நான்கில் எது முதலில் என்றால், தயங்காமல் வாடகைப் பாத்திரக் கடைகளையும் பந்தல்காரர்களையும் சொல்வேன். கல்யாண வீட்டார் வாழ்நாளில் ஓரிரு முறை வாங்குவார்கள். கடைக்காரர் மொத்தமாக வாங்குவார், கிழிந்தால் மீண்டும் வாங்குவார். அவருடைய ஜமக்காளத்தில் உட்கார்ந்து சாப்பிடும் நூற்றுக்கணக்கானோர் உங்களுக்குச் செலவில்லாத விளம்பரம். ஓரத்தில் உங்கள் பெயரும் எண்ணும் உள்ள சிறு துணிப்பட்டை தைத்திருந்தால் போதும். விலையில் அவர் கறாராக இருப்பார் என்பது உண்மைதான். அதனால் அவருக்கென்று கறை தெரியாத அடர்வண்ணத்தில், வேலைப்பாடு குறைந்த ஒரு ரகத்தைத் தனியே நெய்யுங்கள். பட்டுக்கரை வைத்த ரகத்தைக் கொண்டுபோய் அவரிடம் விலை குறைக்காதீர்கள்.

இவர்களை இன்ஸ்டாகிராமில் தேட வேண்டாம். ஈரோடு, சேலம், நாமக்கல், திருப்பூர் மாவட்டங்களில் இருப்பவர்களைக் கூகுள் வரைபடத்திலேயே பட்டியலிடலாம். எண்ணும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். முகூர்த்தக் காலத்தில் அழைத்தால் எரிந்து விழுவார்கள். ஆடி மாதத்தில் போங்கள்: கடை வெறிச்சோடியிருக்கும், பழைய சரக்கைப் பிரித்து எண்ணிக்கொண்டிருப்பார்கள், எது கிழிந்திருக்கிறது என்பது அவர்கள் கண்முன்னாலேயே இருக்கும்.

அவர்களைத் தொடர்பில் வைத்திருக்க வாட்ஸ்ஆப் பிசினஸ் போதும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச்சேரும். இதைப் பலர் கவனிப்பதில்லை. அனுப்பியாகிவிட்டது என்று இருந்துவிடுகிறார்கள். பில் கொடுக்கும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். கடைக்காரர், கோயில், கல்யாண வீடு, வெளிநாடு என்று லேபிள் ஒட்டித் தனித்தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். கொலு வாழ்த்தைப் பந்தல்காரருக்கு அனுப்பித் தொல்லை கொடுக்காதீர்கள்.

கூகுளில் உங்கள் தொழிலைப் பதிவுசெய்துவிட்டீர்களா என்று குறிப்பிடவில்லை. இல்லையென்றால் உடனே செய்யுங்கள், கட்டணம் இல்லை. 'பவானி ஜமக்காளம்' என்று தட்டச்சு செய்து தேடுகிறவர் வாங்கும் முடிவோடு இருப்பவர். அவரை நீங்கள் போய் வசப்படுத்த வேண்டியதில்லை, கண்ணில் பட்டால் போதும். விமர்சனம் எழுதச் சொல்லும்போது, எந்த விசேஷத்துக்கு வாங்கினார்கள் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

வாடிக்கையாளர் எண்களைப் பதிவேற்றி அவர்களைப் போன்றவர்களைத் தேடும் வசதியும் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் ஆகிய மெட்டா தளங்களில் உண்டு. அதற்கு ஒரே நாட்டைச் சேர்ந்த குறைந்தது 100 பேராவது அந்தப் பட்டியலில் அடையாளம் காணப்பட வேண்டும். எண்களைக் கொடுத்தவர்களின் சம்மதமும் வேண்டும். கல்யாண வீட்டாரின் பட்டியல் அந்த அளவை நன்றாகத் தாண்டிய பிறகு அதைப் பார்க்கலாம். அதுவரை விளம்பரப் பணத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியைக் கல்யாண வீடுகளுக்காகக் கொங்கு மாவட்டங்களுக்குள் மட்டும், இன்னொரு பகுதியைச் சிங்கைவாசி சொன்ன முறையில் ஜூனுக்கும் டிசம்பருக்கும் முன்பாகச் சிங்கப்பூரில் மட்டும் செலவிடுங்கள். ஒவ்வொரு ஆர்டரிலும் 'எங்கே கேள்விப்பட்டீர்கள்?' என்று கேட்டு நோட்டில் ஒரு பத்தி சேர்த்து எழுதி வாருங்கள். ஆவணி முகூர்த்தங்கள் முடிந்ததும் அந்தப் பத்தியைப் பார்த்துவிட்டு அடுத்த பருவத்துக்கான தொகையை மாற்றிக்கொள்ளலாம்.