பளு தூக்க எந்தக் காலணி? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வேலூர் மாலைநேரத்தான்
எங்கள் ஜிம்மில் புதிதாகச் சேருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஓட்டத்துக்கான ஷூவோடுதான் வருகிறார்கள். விலை கூடினால் எல்லாவற்றுக்கும் ஆகும் என்ற நினைப்பு. அண்மையில் ஒரு கல்லூரி மாணவர் ஸ்குவாட் (எடை மாட்டிய கம்பியான பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) செய்துகொண்டிருந்தார். பாரில் எடை ஏற ஏற, உட்காரும்போது அவருடைய கணுக்கால் இரண்டும் உள்பக்கம் சரிந்தன. மாஸ்டர் முழங்காலைப் பற்றியோ முதுகைப் பற்றியோ பேசவே இல்லை. "ஷூவைக் கழற்று தம்பி" என்றார். அதே எடைதான், ஆட்டம் பெருமளவு அடங்கிவிட்டது.

ஓட்ட ஷூவின் அடியில் இருப்பது நுரை. கால் தரையில் மோதும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அதன் வேலை. தோளில் பாரை வைத்து அதன்மேல் நிற்பது, மெத்தையில் நின்று நெல்மூட்டை தூக்குவது போலத்தான். கடையில் நான் குதிகால் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். அமுங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

டெட்லிஃப்டுக்கு (தரையில் கிடக்கும் பாரைப் பிடித்து நிமிர்ந்து நிற்பது), பள்ளியில் பி.டி. வகுப்புக்குப் போடும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவே எனக்குப் போதும். அடிப்பாகம் தடித்திருந்தால் நாம் அந்த அளவு உயரத்தில் நிற்கிறோம்; பாரைத் தூக்க வேண்டிய தூரமும் அந்த அளவு கூடிவிடுகிறது.

கோவை பஸ்கிக்காரி
அண்ணா, தட்டையான ஷூ எல்லோருக்கும் ஒத்துவராது. எனக்குக் கணுக்கால் இறுக்கம். ஆழமாக உட்கார்ந்தால் குதிகால் தூக்கிக்கொள்ளும், மார்பு முன்னால் கவிழும். முதலில் குதிகாலுக்கு அடியில் சிறிய எடைத் தட்டுகளை வைத்துச் சமாளித்தேன். பிறகு பளுதூக்கும் ஷூ வாங்கினேன். அதன் குதிகால் ஏறத்தாழ 2 செ.மீ. உயர்ந்திருக்கும், அமுங்கவே அமுங்காது. அந்தக் காலத்தில் மரத்தில் செய்தார்கள், இப்போது பெரும்பாலும் கெட்டிப் பிளாஸ்டிக். முழங்கால் முன்னால் போக இடம் கிடைத்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. ஸ்நாட்ச் (பாரைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) செய்கிற வீரர்கள் இதை விடாமல் அணிவதும், பாரை ஆழ உட்கார்ந்து பிடிக்க வேண்டியிருப்பதால்தான். டெட்லிஃப்ட் நாளில் நானும் இதைக் கழற்றிவிடுவேன். விலைதான் கையைக் கடிக்கிறது.

மதுரைத் தம்பி
போட்டிக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஜிம்மில் வெறும் காலுறையோடு டெட்லிஃப்ட் பழகிய நண்பர் ஒருவர் பவர்லிஃப்டிங் போட்டிக்குப் பெயர் கொடுத்தார். சர்வதேச விதிப்படி காலில் ஷூவோ டெட்லிஃப்ட் ஸ்லிப்பரோ இருந்தாக வேண்டும். போட்டிக்கு முதல் நாள் மாலை கடை கடையாக அலைந்தோம். மெல்லிய ஸ்லிப்பர் ஒன்று கிடைத்தது, அளவு சற்றுப் பெரிது. கிடைத்ததே பெரிது என்று வாங்கிக்கொண்டார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்
எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதால் வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஷூவைக் கழற்றச் சொல்லும் மாஸ்டரிடம் இதை முதலிலேயே தெரிவித்துவிட்டேன்.

வேலூர் மாலைநேரத்தான்
நல்லவேளை சொன்னீர்கள் ஐயா. அடி தட்டையாக, கெட்டியாக, முன்பக்கம் விரல்கள் விரிய இடம் உள்ளதாகப் பாருங்கள். மாலையில் போய் வாங்குங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். உள்ளே தையல் உறுத்துகிறதா என்று கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வாங்கியதை ஒருமுறை மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்.