1934-இல் மின்னல் பேட்ஜா? படத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்

பழையதாள்:
நாணயக்கிழார் நேற்று ஒரு பேட்ஜ் படம் போட்டு, "1934 ஜூன் 7, லண்டன் ஒலிம்பியா கூட்டத்தில் மோஸ்லியின் கருஞ்சட்டைக்காரர் அணிந்தது" என்று எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. படத்தில் இருப்பது வட்டத்துக்குள் மின்னல். மோஸ்லி பிரிட்டனின் பாசிசக் கட்சித் தலைவர், கருஞ்சட்டைக்காரர் அவருடைய ஆட்கள். அப்போது அவர்களின் சின்னம் கழிக்கட்டும் கோடரியும், முசோலினியிடம் இரவல் வாங்கியது. மின்னல் பிறகுதான் வந்தது.

நாணயக்கிழார்:
சார், விற்றவர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அதில் ஒலிம்பியா என்று தெளிவாக இருக்கிறது. முப்பது வருடமாகச் சேகரிக்கிறேன், எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

பழையதாள்:
சீட்டு யார் வேண்டுமானாலும் எழுதலாம். மின்னல் எப்படி வந்தது, அதைச் சொல்லுங்கள். 1936 அக்டோபர் 4, மோஸ்லியின் ஊர்வலத்தை மக்கள் மறித்த லண்டன் கேபிள் தெரு என்று போட்டிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அன்று மோஸ்லியின் கைப்பட்டையிலேயே மின்னல் இருந்தது.

நாணயக்கிழார்:
கட்சி 1932-இலேயே தொடங்கிவிட்டது. யாராவது ஒருவர் முன்னாடியே செய்து அணிந்திருக்கக் கூடாதா?

மல்லிகை:
யூதர்களை அடிக்கக் கிளம்பியவர்களின் பேட்ஜைக் காசு கொடுத்து வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறீர்களே, மனசு கூசவில்லையா?

பழையதாள்:
அழகு பார்க்க இல்லை அம்மா. ஆல்ஃபிரட் வீனர் ஒரு யூதர். 1933-இல் ஆம்ஸ்டர்டாமில் நாஜிகளைப் பற்றிய தாள்களைச் சேர்க்கத் தொடங்கி, 1939-இல் லண்டனுக்குக் கொண்டுவந்தார். பிறகு நாஜித் தலைவர்கள் மீதான நூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணைக்கு அவை உதவின. அவர் தேதியை இஷ்டத்துக்கு எழுதி வைத்திருந்தால் அங்கே யார் மதித்திருப்பார்கள்? அதனால்தான் கேட்கிறேன், 1934-இல் மின்னல் எங்கிருந்து வந்தது?

நாணயக்கிழார்:
இப்போது வீனரோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்கிறார்! போன வருடம் முதல் உலகப்போருக்கு ஆள் சேர்த்த கிச்சனர் சுவரொட்டி விஷயத்தில் என்னை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தியதை நான் மறக்கவில்லை.

பழையதாள்:
அந்தப் படம் முதலில் வந்தது லண்டன் ஒப்பீனியன் இதழின் 1914 செப்டம்பர் 5 அட்டையில் என்றேன். இன்றும் அதையேதான் சொல்வேன். பேச்சை மாற்றாதீர்கள்.

சுங்கடி:
பிரிட்டனின் 1936 பொது ஒழுங்குச் சட்டத்துக்கு அப்புறம் கருஞ்சட்டை வைத்திருந்தாலே குற்றமாமே?

பழையதாள்:
வைத்திருப்பது குற்றமில்லை. அரசியல் சீருடையைப் பொது இடத்தில் அணியத்தான் தடை, 1937 ஜனவரி 1 முதல். சரி, கிழார், பேட்ஜின் பின்பக்கப் படம் எங்கே?

சுங்கடி:
என் தாத்தா அப்படிச் சொல்லவில்லை.

நாணயக்கிழார்:
படம் போட மாட்டேன். உங்கள் ஒப்புதலுக்காகவா சேகரிக்கிறேன்? அது ஒலிம்பியா பேட்ஜ்தான்.

பழையதாள்:
ஒலிம்பியாவில் எடுத்த புகைப்படம் ஒன்றிலாவது அந்த மின்னலைக் காட்டுங்கள். ஒன்றே ஒன்று போதும்.

மல்லிகை:
நான் கேட்டது தேதி இல்லை. அதை விற்றவர் யார், அந்தக் காசு எங்கே போகிறது? அதற்கு இரண்டு பேருமே பதில் சொல்லவில்லை.

பழையதாள்:
முதலில் மின்னலுக்குப் பதில் வரட்டும்.