சரிசெய்யவே முடியாத ஃபிரிட்ஜுக்கு நீட்டித்த வாரண்டியில் பணம் கிடைக்குமா?

மாவுக்காரி, கொழிஞ்சாம்பாறை:
2022 ஆடிக் கழிவில் பொள்ளாச்சிக் கடை ஒன்றில் 27,500 ரூபாய்க்கு இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் வாங்கினோம். பில் போடும்போது, "இன்னும் 2,200 கட்டிவிடுங்கள், கம்பெனியின் ஒரு வருட வாரண்டி முடிந்த பிறகு மூன்று வருடத்துக்குக் கவலை இல்லை" என்றார்கள். கட்டினோம். அந்த மூன்று வருடம் முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. போன மாதம் குளிர்ச்சி நின்றுவிட்டது. அவர்கள் அனுப்பிய ஆள் கேஸ் நிரப்பினார். இருபது நாளில் மறுபடியும் அதே கதை. இரண்டாவதாக வந்தவர், "உள்ளே குழாய் கசிகிறது, இதைச் சரிசெய்ய முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். போனில் கேட்டால், "எங்கள் திட்டம் பழுது பார்க்கத்தான், பழுது பார்க்க முடியாத பொருள் அதில் வராது" என்கிறார்கள். எங்கள் ஊரில் மாட்டுக்கு இன்சூரன்ஸ் கட்டுகிறோம். மாடு செத்தால்தான் பணமே வரும். "செத்துவிட்டது, அதனால் தரமாட்டோம்" என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இது எந்த ஊர் நியாயம்?

வேலந்தாவளம் மெக்கானிக்:
அக்கா, அவர் சொன்னது பொய்யாக இருக்காது. இப்போதைய ஃபிரிட்ஜ்களில் குழாயைச் சுவருக்குள் வைத்து, சுற்றிலும் ஃபோம் ஊற்றி மூடிவிடுகிறார்கள். அங்கே ஓட்டை விழுந்தால் பெட்டியை உடைக்காமல் கை வைக்க முடியாது. அப்படியே கேஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். ஆனால் வாயால் சொன்னது செல்லாது. ஜாப் ஷீட்டில், அதாவது வந்த ஆள் எழுதும் வேலை விவரத் தாளில், "உள் கசிவு, பழுது நீக்க இயலாது" என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு வாங்குங்கள். புகாரை முடிக்க உங்கள் போனுக்கு வரும் ஓடிபியை அதுவரை கொடுக்காதீர்கள். கொடுத்தால் வேலை முடிந்ததாகப் பதிவாகிவிடும். பிறகு வேறு மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் திறக்கவும் வேண்டாம். வெளியாள் கை பட்டது என்றே மறுத்துவிடுவார்கள்.

எல்லைக்காரன்:
நீங்கள் கேரளத்தில் இருப்பதால், நேராகக் கொச்சி இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு, அதாவது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு, எழுதுங்கள். செலவும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

பழைய பில் கவுண்டர்:
அவசரப்படாதீர்கள். எட்டு வருடம் இந்தத் திட்டங்களை நானே விற்றவன். கவுண்டரில் எல்லாவற்றையும் "இன்சூரன்ஸ்" என்போம். உண்மையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கடையோ சேவை நிறுவனமோ தரும் ஒப்பந்தம். அது காப்பீடே அல்ல, ஆம்புட்ஸ்மேன் தொடமாட்டார். மற்றொன்று காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி. காகிதத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் உங்கள் பெயரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தாலும் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுதி ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.
அடுத்து, "பழுது நீக்குவது கட்டுப்படியாகாத நிலை" என்ற பொருளில் ஒரு பத்தி இருக்கிறதா என்று தேடுங்கள். பல திட்டங்களில் இருக்கும்: மாற்றுப் பொருள், அல்லது தேய்மானம் கழித்த மதிப்பு. விற்கும்போது நாங்கள் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டியதே இல்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மாவுக்காரி, கொழிஞ்சாம்பாறை:
பொடி எழுத்தில் நான்கு பக்க ஆங்கிலம். மகள் படித்துச் சொன்னாள். காப்பீட்டு நிறுவனம் எதுவும் இல்லை, சேவை ஒப்பந்தம்தான். ஒன்பதாவது பத்தியில், பழுது நீக்க முடியாவிட்டால் நான்காம் வருடத்தில் பில் தொகையில் 40 சதவீதம் என்று இருக்கிறது. அதாவது 11,000 ரூபாய். போனில் பேசியவருக்கு ஒன்பதாவது பத்தி தெரியவில்லை போலும்! ஆனால் பதினொன்றாவதில் "வீட்டு உபயோகத்துக்கு மட்டும்" என்று இருக்கிறது. நான் தினமும் பத்து வீட்டுக்கு இட்லி மாவு அரைத்து விற்கிறேன், அது இந்த ஃபிரிட்ஜில்தான் இருக்கும். மாட்டிக்கொண்டேனா?

பழைய பில் கவுண்டர்:
கேட்டால் மறைக்காதீர்கள், கேட்காததைச் சொல்லவும் வேண்டாம். கசிவுக்கும் மாவுக்கும் சம்பந்தமில்லை என்பது உங்கள் வாதம். அதை வைத்து மறுத்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சுயதொழிலால் பிழைப்பதற்காக மட்டும் ஒருவர் தாமே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கமாகக் கருதப்படாது. கடை தமிழ்நாட்டில் இருக்கிறதே என்ற கவலையும் வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது பாலக்காடு மாவட்ட ஆணையத்தில், புகார் தரலாம். வாங்கக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தர வேண்டும். அதற்கு முன்பு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன.

எல்லைக்காரன்:
ஆம்புட்ஸ்மேன் என்று சொன்னது என் அவசரம். வீணான மாவுக்கும் சேர்த்துக் கேட்கலாமா?

பழைய பில் கவுண்டர்:
ஒப்பந்தப்படி கிடைப்பது அரிது. ஆணையத்துக்குப் போனால் நஷ்டமாகக் கேட்டுப் பார்க்கலாம்.

மாவுக்காரி, கொழிஞ்சாம்பாறை:
ஜாப் ஷீட் வாங்கிவிட்டேன் அண்ணா. முதலில் "வாடிக்கையாளர் திருப்தி" என்று எழுதினார். அடித்துத் திருத்த வைத்தேன். ஒன்பதாவது பத்தியைக் குறிப்பிட்டு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்பியாயிற்று. பழைய ஃபிரிட்ஜை எடைக்குப் போடச் சொல்லி மாமியார் நச்சரிக்கிறார். போடலாமா?

வேலந்தாவளம் மெக்கானிக்:
வேண்டாம் அக்கா. பணம் கைக்கு வரும்வரை அதுதான் உங்கள் சாட்சி. பணம் தரும்போது பழையதை அவர்களே எடுத்துப் போகவும் கேட்பார்கள்.

மாவுக்காரி, கொழிஞ்சாம்பாறை:
சரி, இருக்கட்டும். அரிசி மூட்டையை அதற்குள் வைத்திருக்கிறேன், எலி வருவதில்லை.