அம்மாவைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு ஆள்: ஏஜென்சியா, நேரடியாகவா?

திருநகர்க்காரி:
அம்மாவுக்கு 81 வயது. தை மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. வாக்கர் பிடித்து நாலடி நடப்பார், ஆனால் எழுப்பிவிட ஆள் வேண்டும். நான் வேலைக்குப் போகிறவள். ஏஜென்சியில் வீட்டோடு தங்கும் ஆளுக்கு மாதம் 24,000, அது போக ஒரு மாத அட்வான்ஸ் வாங்கினார்கள். முதலில் வந்தவர் பன்னிரண்டாம் நாள் "ஊரில் விசேஷம்" என்று போனவர்தான். அடுத்தவருக்கு சர்க்கரை பார்க்கிற மெஷினில் ஸ்ட்ரிப்பை எந்தப் பக்கம் சொருகுவது என்றே தெரியவில்லை. கேட்டால் டிரெய்னிங் எடுத்த நர்ஸாம். தம்பி கோயம்புத்தூரிலிருந்து பாதிப் பணம் அனுப்புகிறான், கூடவே "நல்ல ஏஜென்சியாப் பாருக்கா" என்று அறிவுரையும் அனுப்புகிறான். மீதி அப்பாவின் குடும்ப பென்ஷனில் ஓடுகிறது (வாத்தியார் வேலை). தெரிந்தவர் மூலம் நேரடியாக ஆள் வைத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அம்மா பீரோ சாவியை இடுப்பிலிருந்து இறக்கவே மாட்டேன் என்கிறார்.

ஆனையூர் ரிட்டயர்டு:
என் மனைவிக்கு பக்கவாதம் வந்து மூன்று வருஷம் ஆகிறதும்மா. முதலில் உங்களுக்கு வேண்டியது நர்ஸா, அட்டெண்டரா என்று பாருங்கள். மூக்கில் டியூப், யூரின் பை, ஊசி என்று இருந்தால்தான் நர்ஸ். அப்படி நர்ஸ் என்று சொல்லி அனுப்பினால் தமிழ்நாடு நர்ஸிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள், பாதிப் பேர் அதோடு போனை வைத்துவிடுவார்கள். உங்கள் அம்மாவுக்கு கைப்பக்குவமான அட்டெண்டர் போதும்.

நான் ஏஜென்சிக்கு 22,000 கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்குப் போனது 14,000 என்று மூன்றாம் மாதம் அவரே சொல்லித்தான் தெரியும். நேரடியாக எடுத்துக்கொள்ளலாம் என்று காகிதத்தைப் பார்த்தால், அப்படி எடுத்தால் இரண்டு மாதக் கட்டணம் அபராதம் என்று பொடி எழுத்தில் இருந்தது. கையெழுத்துப் போட்டது நான்தானே. அப்புறம் பிசியோதெரபிக்கு வரும் தம்பி மூலம் உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் கிடைத்தார். 17,000 சம்பளம், ஒன்றாம் தேதி அவர் கணக்கிலேயே போடுகிறேன். அட்வான்ஸ் கொடுத்தால் நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்து. ஆதார் நகல் வாங்கிக்கொண்டேன், அவர் வீட்டுக்கும் ஒருமுறை போய் வந்தேன்.

வந்த அன்று நான் ஒன்றும் கேட்கவில்லை. "இவங்களை உட்கார வைங்க" என்றேன், அவ்வளவுதான். முன்னால் வந்தவர்கள் எல்லாம் அக்குளில் கைவிட்டுத் தூக்கினார்கள். இவர் முழங்காலை மடக்கி, ஒருக்களித்துத் திருப்பி, காலைக் கட்டிலுக்குக் கீழே இறக்கி, அப்புறம் தோளைத் தாங்கி எழுப்பினார். எழுப்பும்போது "இந்தா எந்திரிச்சாச்சு ஆத்தா" என்று பேச்சு வேறு. சம்பளம் பேசியது அதற்கப்புறம்தான். உங்கள் அம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆன பக்கத்தை எப்படிப் பிடிக்கணும், எப்படித் திருப்பணும் என்று டாக்டரிடம் கேட்டு, வருகிறவரை வைத்துச் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

சாவி அம்மாவிடமே இருக்கட்டும். நகையை மட்டும் லாக்கருக்கு மாற்றிவிடுங்கள்.

சிலைமான் வாசி:
பெரியவர் சொன்னதே சரி. ஒன்று விட்டுப்போச்சு. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். பிசியோவும் உண்டு, எங்கள் அப்பாவுக்கு வந்தார்கள். பக்கத்து சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். அப்புறம் அக்கா, வாத்தியார் குடும்ப பென்ஷன் என்றீர்களே, 80 வயது முடிந்தால் 20 சதவீதம் கூட வரணும். வருகிறதா? பென்ஷன் புத்தகத்தில் அம்மாவின் பிறந்த தேதி இல்லாவிட்டால் யாரும் கூப்பிட்டுத் தரமாட்டார்கள்.

திருநகர்க்காரி:
சிலைமான் தம்பி, புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அப்பாவின் பிறந்த தேதி மட்டும்தான் இருக்கிறது! ஒரு வருஷத்துப் பணம். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு கருவூலத்துக்குப் போகிறேன்.

ஆனையூர் ஐயா, சேடபட்டிப் பக்கமிருந்து ஒருவர் நாளைக்கு வருகிறார். போனில் பேசும்போதே, அழகர் ஆற்றில் இறங்குகிற சமயம் மூன்று நாள் லீவு வேணும், அந்த மூன்று நாளைக்குத் தன் அக்காவை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டார். சித்திரைக்கு இன்னும் ஒன்றரை மாதம் கிடக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "அக்காளுக்கு தூக்கத் தெரியுமான்னு கேட்டியா?" என்கிறார்.